கடலடி மணல் வரிகளைச் சமையலறையில் உருவாக்கிப் பார்ப்பது எப்படி?

முழங்கால் ஆழக் கடலில் நிற்கும்போது உள்ளங்காலில் மணல் வரிவரியாகத் தட்டுப்படுமே, அது மேலே போகிற அலை பதித்த அச்சு என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. அதைச் செதுக்குவது தரையை ஒட்டிச் சுழலும் சின்னச் சுழிகள். அரை மணி நேரம் ஒதுக்கினால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சுமார் 40 செ.மீ. நீளமுள்ள, பக்கவாட்டில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, மாவுச் சல்லடையில் சலித்த மணல், ஒரு பூரிக்கட்டை, இவ்வளவு போதும். மணலைக் கலங்கல் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். இதில் அவசரம் வேண்டாம், கலங்கிய நீரில் ஒன்றும் தெரியாது. அடியில் 2 செ.மீ. மணலைச் சமமாகப் பரப்பி, அதற்கு மேல் 8 செ.மீ. உயரம் நீர் விடுங்கள். தொட்டியைத் தூக்கி, அதன் வெளிப்புற அடியில், நடுவில் குறுக்காக வருமாறு பூரிக்கட்டையை வையுங்கள்.

இப்போது சீசா மாதிரி மெதுவாக ஆட்டுங்கள். ஒரு போய்வரலுக்கு ஏறக்குறைய 1 நொடி. தாளம் சரியாக அமைந்தால் நீர் தானாகவே இரு முனைகளிலும் ஏறி இறங்கத் தொடங்கும். முனைகளில் நீர் மேலும் கீழும்தான் போகும், நடுவில்தான் முன்னும் பின்னும் ஓடும், அதனால் வரிகளும் அங்கேதான் முதலில் வரும். கடலடியிலும் இதே கதைதான்: மேலே வட்டமாகச் சுற்றும் நீர், ஆழம் போகப் போக நசுங்கி, தரையில் வெறும் போய்வரலாகிவிடுகிறது. (அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அதுவும் அநேகமாக இருக்காது.)

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். மணலைச் சமப்படுத்தி, நடுவில் விரலால் ஒரே ஒரு மேட்டை, தொட்டிக்குக் குறுக்காக எழுப்பிவிட்டு ஆட்டுங்கள். நீர் மேட்டைத் தாண்டியதும் அதன் மறுபக்கம் ஒரு சுழி பிறக்கும். அது பள்ளத்தைத் தோண்டி, மணலை மேட்டின் முகட்டுக்கே தள்ளும். நீர் திரும்பும் நொடியில் சுழி முகட்டைத் தாண்டி எழும்ப, கூடவே மணல் துகள்கள் புகைபோலப் பறக்கும். கொஞ்ச நேரத்தில் இரு பக்கமும் புது மேடுகள், அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு! சுழியைத் தெளிவாகப் பார்க்கப் பள்ளத்தில் ஒரு பொட்டாசியம் பெர்மாங்கனேட் துகளைப் போடுங்கள், ஊதா நூல் சுருண்டு எழும்.

ஒரு வரி பக்கத்து வரிகளை ஈன்றெடுக்கும் என்பதைத் தொட்டிகளை ஆட்டியே காட்டியவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஹெர்தா அயர்ட்டன். மணமான பெண் என்பதால் 1902-ல் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்த, விஞ்ஞானிகளின் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டியிலேயே, 1904-ல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைத் தானே வாசித்தார். அங்கே அப்படி வாசித்த முதல் பெண் அவர்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சரி, ஸ்கேல் எடுத்து வரிகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். நீர் தரையில் போய்வரும் தூரத்தில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். கடற்கரையிலும் இருபுறமும் ஒரே சரிவுள்ள, கூரிய முகட்டு வரிகளாகத் தேடி அளவெடுங்கள். ஒருபக்கம் மட்டும் செங்குத்தாக இருந்தால் அது பெரும்பாலும் ஒரே திசையில் ஓடிய நீரோட்டத்தின் வேலை. இடைவெளி 10 செ.மீ. என்றால், அங்கே தரையில் நீர் 15 செ.மீ. போல முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறது.