விளக்கை நம்பாதீர்கள்: வீட்டு எஸ்பிரெசோவில் வெப்பத்தைப் பிடிக்கும் வழி

ஒரே தூள், ஒரே எடை, ஒரே அரவை. காலையில் எனக்குப் போட்டுக்கொண்ட எஸ்பிரெசோ புளித்தது. அடுத்து மைத்துனருக்குப் போட்டது கருகிக் கசந்தது. மூன்று மாதம் தூள் விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அவர். தப்பு வெந்நீரில் இருந்தது.

காப்பிக்கும் ஸ்டீமுக்கும் சேர்த்துத் தண்ணீர் காய்ச்சும் பாய்லர் ஒன்றே உள்ள சிறிய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கானது இந்தப் பதிவு. தூளை நிறுப்பது, அமுக்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எஸ்பிரெசோவுக்குத் தண்ணீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இந்த இயந்திரங்களில் இருக்கும் சாதாரண தெர்மோஸ்டாட் ஒரு வெப்பத்தில் ஹீட்டரை நிறுத்தும்; பல டிகிரி இறங்கிய பிறகே மறுபடி போடும். என் இயந்திரத்தில் அந்த இடைவெளி சுமார் 12 டிகிரி. ஹீட்டர் நின்ற பிறகும் அதில் தங்கிய சூட்டால் வெப்பம் கொஞ்சம் ஏறி, அப்புறம்தான் மெல்ல இறங்கும். அந்த இறக்கத்தில் தினமும் ஒரே இடத்தில் பொத்தானை அழுத்துவதுதான் மொத்த வித்தையும்.

படி 1. காலியான போர்டாஃபில்டரை (தூள் போடும் கைப்பிடிக் கிண்ணம்) மாட்டியபடியே இயந்திரத்தைப் போட்டு 25 நிமிடம் விடுங்கள். ஐந்து நிமிடத்திலேயே தயார் என்று விளக்கு சொல்லும். பாய்லர் சூடாகிவிட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். போர்டாஃபில்டர் மாட்டும் கனமான தலைப்பகுதியான குரூப் ஹெட் அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

படி 2. ஹீட்டர் மறுபடி ஓடத் தொடங்கும்வரை வெறும் தண்ணீரை வெளியே விடுங்கள். பிறகு நிறுத்திவிட்டு, ஹீட்டர் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். நின்ற நொடியிலிருந்து எண்ணுங்கள். எனக்கு 35 நொடி ஆனதும் காப்பிப் பொத்தானை அழுத்துவேன். உங்களுக்கு வேறாக இருக்கலாம். சில இயந்திரங்களில் ஹீட்டர் ஓடும்போது விளக்கு எரியும், சிலவற்றில் நின்ற பிறகு எரியும். எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3. 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காப்பி, இறங்க 25 முதல் 30 நொடி. இந்தக் கணக்கு வரும்வரை அரவையை மட்டும் திருத்துங்கள். அதன் பிறகும் புளித்தால் காத்திருப்பதில் பத்து நொடி குறையுங்கள், நீர் சூடாக வரும். கசந்தால் பத்து நொடி கூட்டுங்கள். கறுக வறுத்த தூளுக்குக் குறைந்த வெப்பம், இளவறுப்புக்கு அதிகம். சிக்கரி கலந்த ஃபில்டர் காப்பித் தூளைப் போட்டுவிட்டு வெப்பத்தைக் குறை சொல்லாதீர்கள். அது தன் பித்தளை ஃபில்டரிலேயே நிம்மதியாக இருக்கட்டும்.

படி 4. நான் சறுக்கியது இங்கேதான். பால் நுரைக்க ஸ்டீம் பொத்தானை அழுத்தியதும் பாய்லர் 140 டிகிரியைத் தாண்டிப் போகிறது. நுரைத்து முடித்துப் பொத்தானை அணைத்தால் காப்பி வெப்பத்துக்கு உடனே திரும்பிவிடும் என்று நினைத்தேன். திரும்பாது. நல்ல உலோகப் பெட்டி, சூட்டை எளிதில் விடுவதில்லை. மைத்துனரின் கோப்பை கருகியதற்கு இதுதான் காரணம்: எனக்குப் பால் நுரைத்த கையோடு அவருக்குப் போட்டேன்.

செய்ய வேண்டியது இது. ஸ்டீமை அணைத்ததும் குரூப் ஹெட் வழியாகத் தண்ணீரை விடுங்கள். முதலில் சீறித் தெறிக்கும், கை பத்திரம். சீற்றம் அடங்கி அமைதியாக ஒழுகத் தொடங்கிய பிறகு, படி 2-ஐ முதலிலிருந்து செய்யுங்கள். ஸ்டீமாகப் போன தண்ணீரும் பாய்லருக்குள் திரும்ப நிரம்பிவிடும். பாய்லர் வற்றினால் ஹீட்டருக்கு ஆபத்து. விருந்தாளிகள் வந்தால் எல்லாக் காப்பியையும் முதலில் இறக்கிவிட்டுப் பாலைக் கடைசியில் நுரைக்கிறேன்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி வாங்கிக் காசை வீணாக்கினேன். பளபளக்கும் குரோம் பூச்சின்மேல் அது உண்மையைவிட மிகக் குறைவாகவே காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அளந்தால் பரவாயில்லை. அதைவிட, மெல்லிய கம்பி முனையால் தொட்டு வெப்பத்தை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் மேல். அதுவும் இல்லையா, கைப்பேசியின் நொடிக் கடிகாரமும் நாக்கும் போதும்.

பின்சேர்க்கை 1: தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியும் புளிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் உணரி பெரும்பாலும் பாய்லரின் வெளிச்சுவரில் இருக்கிறது. திரையில் 93 என்றால் தூளைத் தொடும் நீரும் 93 என்று பொருளில்லை. வழியில் சில டிகிரி இழக்கிறது. இரண்டிரண்டாகக் கூட்டிச் சுவைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: ஊட்டியிலிருந்து ஒருவர், சீற்றம் அடங்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். நான் கடலோர ஊர்க்காரன், இது தோன்றவே இல்லை. அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளியே வரும் நீர் அதற்கும் கீழே இறங்கினால்தான் சீற்றம் நிற்கும். மலையில் இருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஹீட்டர் ஓடத் தொடங்கியதுமே தண்ணீரை நிறுத்திவிட்டு, அது தானாக நின்றதும் எண்ணத் தொடங்குங்கள்.