கொசோவோ செர்பியர் தேர்தல்: செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொசோவோவில் தேர்தல் நெருங்கினால் அங்குள்ள செர்பியச் சிறுபான்மையினரைப் பற்றிய செய்திகள் ஒரே வார்ப்பில் வருகின்றன. செர்பியத் தலைநகரான பெல்கிரேடின் ஆசி பெற்ற ‘செர்ப்ஸ்கா லிஸ்டா’ கட்சி ஒரு பக்கம், அதற்கு எதிராக நிற்கும் சில மிதவாதிகள் மறுபக்கம். 120 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்தில் செர்பியர்களுக்கு ஒதுக்கப்பட்ட 10 இடங்களில் யாருக்கு எத்தனை என்று சொல்லிச் செய்தி முடிந்துவிடும். இதை மட்டும் நம்பினால் பாதி புரியாது; மீதி தவறாகப் புரியும்.

பெரிய தவறு மிதவாதியை அளக்கும் கோலில் இருக்கிறது. பெல்கிரேடுக்கு எதிரானவர், செர்பியாவிடமிருந்து பிரிந்து 2008 பிப்ரவரி 17 அன்று கொசோவோ அறிவித்த சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டவர் என்றால்தான் மிதவாதி என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆலிவர் இவனோவிச்சை இந்தக் கோலால் அளந்து பாருங்கள். வடக்கு மித்ரோவிட்சாவின் செர்பியத் தலைவர்களில் ஒருவரான அவர் கொசோவோவின் பெரும்பான்மை மக்களான அல்பேனியர்களின் மொழி பேசுவார்; அல்பேனியத் தரப்போடு உட்கார்ந்து பேசத் தயங்கமாட்டார். அதே மனிதர் சுதந்திரத்தை ஏற்கவில்லை; 2008 முதல் 2012 வரை செர்பிய அரசின் கொசோவோ அமைச்சகத்திலேயே உயர் பொறுப்பில் இருந்தார். போர்க்குற்ற வழக்கில் 2016இல் ஒன்பது ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மித்ரோவிட்சாவின் செர்பியர்கள் அல்பேனியர்களைவிடத் தங்கள் இனத்துக் குற்றக் கும்பல்களுக்கே அதிகம் அஞ்சுகிறார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். 2018 ஜனவரி 16 காலையில் தன் கட்சி அலுவலகத்தின் எதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். பெல்கிரேடோடு அவருக்கு இருந்த தூரத்தை அளந்தால் அவர் மிதவாதியே இல்லை. சொந்தச் சமூகத்துக்குள் நடக்கும் மிரட்டலைப் பற்றி வாய் திறந்தாரா என்று கேட்டால், அவரைவிடப் பெரிய மிதவாதி அங்கே இருந்ததில்லை. ஆனால் இறந்தபின் அவருக்குப் பூசப்பட்ட ஒளிவட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2013இல் தன் ஊரின் மேயர் தேர்தலிலேயே பெல்கிரேட் ஆதரித்த வேட்பாளரிடம் அவர் தோற்றிருக்கிறார்.

இபார் ஆற்றை மறந்துவிடுவதும் வழக்கமான பிழை. ஆற்றுக்கு வடக்கே உள்ள நான்கு நகராட்சிகள் செர்பியாவை ஒட்டியவை. கொசோவோ தலைநகரான பிரிஸ்டினாவின் முகம் பார்க்காமலே பல ஆண்டுகள் காலம் தள்ளியவை. தெற்கே கிராச்சானிட்சா, ஷ்டர்ப்ட்சே போன்ற ஊர்களைச் சுற்றிலும் அல்பேனியர்கள் வாழ்கிறார்கள். கொசோவோ செர்பியர்களில் பெரும்பான்மையினர் இருப்பதும் தெற்கில்தான். நிலப்பத்திரம், மின்சாரம், சாலை எல்லாவற்றுக்கும் பிரிஸ்டினாவோடு பேசியாக வேண்டியவர்கள் அவர்கள். அதனால்தான் 2009 உள்ளாட்சித் தேர்தலில், பெல்கிரேடின் ஆதரவு இல்லாமலே, தெற்குச் செர்பியர்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். ஸ்லோபோடன் பெத்ரோவிச்சின் சுதந்திர லிபரல் கட்சி அப்படித்தான் வளர்ந்தது. 2010 டிசம்பர் தேர்தலில் அது 8 இடங்களைப் பிடித்தது. பெத்ரோவிச் துணைப் பிரதமர் ஆனார். அந்த மிதவாதம் கொள்கையில் பிறந்தது என்பதைவிட, வாழும் இடத்தின் நெருக்கடியில் பிறந்தது என்பதே பொருத்தம்.

அந்த 8 இடங்களைப் பின்னாளைய முடிவுகளோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. அப்போதைய இடைக்கால விதிப்படி, ஒதுக்கப்பட்ட 10 இடங்களுக்கு மேலேயும் வாக்குபலத்தால் இடம் பெறலாம். 2014 முதல் அந்த வசதி இல்லை. அதைவிடக் கண்ணைத் திறக்கும் உதாரணம் 2004. அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த இனக்கலவரத்தில் 19 பேர் இறந்தார்கள். அக்டோபர் தேர்தலைச் செர்பியர்கள் புறக்கணித்தார்கள். வாக்களித்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பின, இவனோவிச்சின் பட்டியலுக்கே 8 கிடைத்தன. இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மிதவாதத்துக்கு அமோக வெற்றி என்றுதான் எழுத வேண்டியிருக்கும்!

செர்ப்ஸ்கா லிஸ்டாவுக்கு விழும் வாக்கெல்லாம் தீவிரவாத வாக்கு என்று முடிவுகட்டுபவர்கள் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. பள்ளி ஆசிரியர், மருத்துவர், செவிலியர் என்று எண்ணற்ற குடும்பங்களுக்கு ஊதியம் பெல்கிரேடிலிருந்து வருகிறது. யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரிந்த சிற்றூரில், எதிர்க்கட்சி வேட்பாளரோடு டீ குடிப்பதற்கே துணிச்சல் வேண்டும். 2017இலும் 2019இலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தேர்தல் பார்வையாளர்கள் செர்பியப் பகுதிகளில் நிலவிய மிரட்டலைத் தம் அறிக்கைகளில் கண்டித்தார்கள். 2019இலும் 2021இலும் பத்துக்குப் பத்து இடங்களையும் அந்தக் கட்சி பெற்றதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். இதற்காக எல்லாமே பயத்தில் விழுந்த வாக்கு என்று மறுகோடிக்குப் போய்விடவும் கூடாது. செர்பியாவும் கொசோவோவும் செய்துகொண்ட 2013 பிரஸ்ஸல்ஸ் உடன்பாட்டில் உறுதியளிக்கப்பட்ட செர்பிய நகராட்சிகளின் கூட்டமைப்பு பத்தாண்டு கடந்தும் அமையவில்லை. 2024 பிப்ரவரியில் செர்பிய நாணயமான தினாருக்குத் தடை வந்தது. 2025 ஜனவரியில் செர்பியா நடத்திவந்த அலுவலகங்கள் பல மூடப்பட்டன. யாரும் மிரட்டாமலே, “நமக்கென்று ஒரு கட்சி போதும்” என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிரிஸ்டினாவின் அரவணைப்பு மிதவாதிக்குப் பலம் என்று கருதுவது வெளியூர் எழுத்தாளர்களுக்குப் பிடித்த தவறு. அரசியல் சட்டப்படி அமைச்சரவையில் ஒரு செர்பியராவது இருக்க வேண்டும். 2022 நவம்பரில் செர்ப்ஸ்கா லிஸ்டா எல்லாப் பதவிகளிலிருந்தும் விலகியபின் பிரதமராக இருந்த அல்பின் குர்தியின் அரசு, செர்பிய மிதவாதியான நெனாத் ராஷிச்சை அமைச்சராக்கியது. அன்றிலிருந்து அந்த அரசு எடுத்த ஒவ்வொரு கடும் நடவடிக்கைக்கும் தன் மக்களிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலி கிடைத்தது, வாக்கு பெருகவில்லை. 2014இல் அவரது கட்சி பெற்றது ஓரிடம். 2025 பிப்ரவரியில் வேறு கட்சியின் பெயரில் நின்றபோதும் ஓரிடம்தான்.

புறக்கணிப்பை மக்களின் மனநிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2023 ஏப்ரலில் செர்பியர்கள் புறக்கணித்த மேயர் தேர்தலில், வடக்கின் நான்கு நகராட்சிகளில் நான்கு சதவீதத்துக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். அங்கே எத்தனை மிதவாதிகள் இருக்கிறார்கள் என்று அந்த எண்ணிலிருந்து யாராலும் கணக்கிட முடியாது. அந்தத் தேர்தலில் வென்ற அல்பேனிய மேயர்கள் பதவிக்கு வந்ததும், மே இறுதியில் ஸ்வெச்சானில் நேட்டோ படையினர் காயமடையும் அளவுக்கு மோதல் வெடித்தது.

கடைசியாக, ஓரிடம் என்றாலும் கோட்டையில் விழுந்த ஓட்டை என்று கொண்டாடும் தலைப்புகள். அரசியல் சட்டத்தைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதாது. சிறுபான்மையினருக்கான 20 இடங்களிலும் தனியே மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 14 வாக்கு, தேவை. செர்பியர் அல்லாத பத்துப் பேரும் ஆதரித்தாலும் நான்கு செர்பியர்கள் குறைகிறார்கள். 2018 டிசம்பரில் ராணுவம் அமைக்கும் முடிவைப் பிரிஸ்டினா அரசியல் சட்டத் திருத்தமாகக் கொண்டுவராமல் சாதாரணச் சட்டங்களாக நிறைவேற்றியதும் இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகத்தான். ஆகவே, முடிவுகள் வரும் இரவில் செர்ப்ஸ்கா லிஸ்டா ஓரிடத்தை இழந்ததா என்று பார்ப்பதால் அதிகம் தெரியாது. அதன் எண்ணிக்கை ஆறாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கியதா என்று பாருங்கள்.