அழுத்தத்தில் பிஸ்மத்தின் வெப்பக் கடத்தலை அளப்பது எப்படி?

பிஸ்மத் போன்ற அரைஉலோகங்களில் (மின்சுமைகள் மிகக் குறைவாக உள்ள உலோகங்கள்) வெப்பத்தைச் சுமப்பவை இரண்டு: படிக அதிர்வுகளான ஃபோனான்கள், மின்சுமைகளான எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்). அழுத்தினால் படிகம் விறைத்து ஃபோனான் பங்கு கூடும். ஆனால் பிஸ்மத்தில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் பட்டைகளின் மேற்பொருந்தல் (சுமார் 38 மில்லி எலக்ட்ரான்வோல்ட்) சுருங்கி, மின்சுமைகள் குறையும். ஆகவே மொத்தக் கடத்துத்திறனை மட்டும் அளந்தால் ஒன்றும் புரியாது. இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

படி 1: மாதிரி. ஒற்றைப் படிகத்திலிருந்து 0.5 × 0.5 × 7 மி.மீ. துண்டு ஒன்றை மின்பொறி வெட்டால் எடுங்கள். பிஸ்மத் எளிதில் பிளவுபடும்; கத்தியைக் கொண்டு போகவே வேண்டாம். நீளம் எந்தப் படிக அச்சில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கலம். உந்துதண்டு–உருளை வகைக் கலம் போதும். அழுத்தத்தை மாதிரிக்குக் கடத்தும் ஊடகத்துக்கு டாஃப்னி 7373 எண்ணெய். 2 கிகாபாஸ்கலைத் தாண்டாதீர்கள். அறை வெப்பநிலையில் 2.55 கிகாபாஸ்கலில் பிஸ்மத் வேறு படிக அமைப்புக்குத் தாவிவிடும்; எண்ணெயும் 2.2 அருகே உறையும். அழுத்தத்தைக் காட்ட ஒரு துளி மாணிக்கம் வையுங்கள்: அதன் 694.2 நானோமீட்டர் ஒளிக்கோடு ஒரு கிகாபாஸ்கலுக்கு 0.365 நானோமீட்டர் நகரும்.

படி 3: அளக்கும் முறை. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு முனையில் நிலையான வெப்பம் கொடுத்து, வெப்பநிலை வேறுபாட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். வெற்றிடத்தில் சரி, எண்ணெயில் சரிவராது. 2 மி.மீ. இடைவெளிக்குப் பிஸ்மத்தின் கடத்தம் கெல்வினுக்குச் சுமார் 1 மில்லிவாட். அதே நீளத்தின் பக்கங்களிலிருந்து 1 மி.மீ. எண்ணெய் வழியே சுவருக்குப் போகும் கசிவு? எண்ணெயின் கடத்துத்திறன் 0.2 வாட்/மீ–கெல்வின் என்று வைத்தாலும் கெல்வினுக்கு 0.8 மில்லிவாட் வருகிறது. மாதிரிக்குச் சமமான கசிவு! போதாக்குறைக்கு அழுத்தம் ஏற ஏற எண்ணெயும் நன்றாகக் கடத்தும். அந்த உயர்வைப் பிஸ்மத்தின் உயர்வாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

இதற்கு மருந்து ஆங்ஸ்ட்ராம் முறை. சூடேற்றியை 1 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்குங்கள். சூடான முனையிலிருந்து 1.5, 3.5 மி.மீ. தொலைவில் மெல்லிய தெர்மோகப்பிள்களை (வெப்பநிலை காட்டும் இரட்டை உலோகக் கம்பிகள்) ஒட்டி, வீச்சு விகிதத்தையும் கட்டப் பின்னடைவையும் (இரண்டாம் இடத்தில் வெப்ப அலை தாமதிக்கும் அளவு) சேர்த்தே எடுங்கள்.

வெப்பப் பரவுதிறன் = π × அதிர்வெண் × இடைவெளி² ÷ (பின்னடைவு ரேடியனில் × வீச்சு விகிதத்தின் இயல் மடக்கை)

இந்தப் பெருக்கலில் பக்கக் கசிவு அடிபட்டுப் போகும் என்பதுதான் இதன் அழகு. பிஸ்மத்துக்குப் பின்னடைவு 78 பாகை அருகிலும், வீச்சு கால் பங்காகவும் வரவேண்டும். பின்னடைவு மட்டும் கணிசமாகக் குறைந்தால் கசிவு பெரிது. அப்போது எண்ணெயின் வெப்ப ஏற்புத்திறனுக்கும் திருத்தம் தேவை.

கிடைத்ததை அடர்த்தி, தன்வெப்பம் (122 ஜூல்/கி.கி.–கெல்வின்) இரண்டாலும் பெருக்கினால் கடத்துத்திறன். அடர்த்தி ஒரு கிகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 3% கூடும், மறக்கவேண்டாம்.

படி 4: மின்தடை. அதே துண்டில், அதே அச்சில், அதே அழுத்தத்தில் நான்கு முனை முறையில் (இரு கம்பிகளில் மின்னோட்டம், வேறு இரு கம்பிகளில் மின்னழுத்தம்) அளங்கள். பிஸ்மத்தின் மின்தடை அழுத்தத்தால் ஏறவேண்டும். இறங்கினால் கம்பி எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

படி 5: பிரித்தல். மின்கடத்தலையும் மின்சுமைகளின் வெப்பக் கடத்தலையும் இணைக்கும் வீடமான்–ஃபிரான்ஸ் விதிப்படி, மின்சுமைப் பங்கு = 2.44 × 10⁻⁸ × வெப்பநிலை ÷ மின்தடை எண். அழுத்தமில்லாமல் 300 கெல்வினில் மின்தடை எண் 1.29 × 10⁻⁶ ஓம்–மீட்டர் என்றால் 5.7 வாட்/மீ–கெல்வின், மொத்தம் 7.9, மீதி 2.2 ஃபோனான். உதாரணத்துக்கு, 1 கிகாபாஸ்கலில் மின்தடை 15% ஏறி, ஃபோனான் பங்கும் 15% கூடினால் 4.9 + 2.5 = 7.4. மொத்தத்தில் 6% இறக்கம்தான் தெரியும். உள்ளே இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரானும் துளையும் சேர்ந்தே ஒரே பக்கம் நகர்ந்தால் மின்னோட்டம் இராது, வெப்பம் மட்டும் போகும். அந்த இருமுனைப் பங்கு மேலே உள்ள 2.2-க்குள் ஒளிந்திருக்கும். 300 கெல்வினின் வெப்ப ஆற்றலே 26 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது. 100 கெல்வினுக்குக் கீழே, வெப்பப் பாய்வுக்குச் செங்குத்தாகச் சில டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் மின்சுமைப் பங்கு அடங்கி ஃபோனான் பங்கு தனியே தெரியும். கலம் குளிரும்போது உள்ளழுத்தமும் சற்றுக் குறையும். மாணிக்கத்தை அங்கேயே மீண்டும் படியுங்கள்.

படி 6: அழுத்தத்தை மெல்ல இறக்கி, பூச்சியத்தில் மறுபடி அளங்கள். பழைய மதிப்பு வரவில்லையென்றால் பிளவுத்தளத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. அந்தச் சுற்றின் அளவீடுகளை ஒதுக்கிவிடுங்கள்.