ஸ்கேட்டிங் ஷூ வாங்கியாச்சு, எங்க போய் ஓட்டுறது?

2025 செப்டம்பர்ல சீனாவுல பெய்டைஹேங்கற ஊர்ல நடந்த ஸ்பீட் ஸ்கேட்டிங் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல நம்ம ஆனந்த்குமார் வேல்குமார் சீனியர் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட்ல தங்கம் அடிச்சாரு, அதோட நிக்காம 42 கிலோமீட்டர் மாரத்தான்லயும் தங்கம். சென்னைப் பையன்னு நியூஸ்ல சொன்னாங்களா, கொஞ்ச நாள்லயே எங்க ஃபிளாட்ஸ்ல மூணு வீட்ல, ஒரே வரிசைல நாலு சக்கரம் இருக்குமே, அந்த இன்லைன் ஷூ வந்து எறங்கிடுச்சு. மொத வாரம் ஹால்ல சோஃபாவ புடிச்சுக்கிட்டு, ரெண்டாவது வாரம் கார் பார்க்கிங்ல, மூணாவது வாரம் ஷூ பரண் மேல. ஏன்டா விட்டுட்டீங்கன்னு கேட்டா மூணு வீட்லயும் ஒரே பதில், ஓட்ட எடம் எங்க சார் இருக்கு?

எனக்கும் இதே கததான். பொண்ண ஸ்கேட்டிங் கிளாஸ்ல விட்டுட்டு ஓரமா உக்காந்து போன நோண்டிட்டு இருந்தவன், ஒரு நாள் நாமளும் போட்டா என்னன்னு 36 வயசுல ஆரம்பிச்சேன். கிளாஸ் நடக்கற ரிங்க்ல பெரியவங்களுக்குன்னு நேரமே கெடயாது, சாயங்காலம் ஃபுல்லா குட்டிப் பசங்க பேட்ச், நடுவுல நான் போய் விழுந்தா நாலு பிள்ளைங்க மேல விழணும். அதனால வெளிய எடம் தேடி அலைய ஆரம்பிச்சதுதான், இன்னும் அலைஞ்சுகிட்டேதான் இருக்கேன்.

மொதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. ஸ்கேட்டிங்குக்குன்னே போர்டு மாட்டின நீளமான பாதைய நம்ம சென்னைல தேடாதீங்க, டைம் வேஸ்ட். இங்க தேட வேண்டியது தரையும் நேரமும்தான். அதே ரோடு காலைல அஞ்சே முக்காலுக்கு வேற ரோடு, ஏழரைக்கு வேற ரோடு. ஒரு எடத்த பத்தி யாராவது "சூப்பரா இருக்கும் ப்ரோ"ன்னு சொன்னா, எத்தன மணிக்கு, என்ன கிழமன்னு கேளுங்க, அதுக்கு பதில் இல்லன்னா அவரு அங்க ஓட்டினதே இல்லன்னு அர்த்தம்.

தரைய எப்படி பாக்கறது? ஷூவ எடுத்துட்டு போகாதீங்க, மொத தடவ செருப்போட நடந்து போங்க. நம்ம ஊர்ல கெடைக்கறது நாலஞ்சு வகைதான். புதுசா போட்ட தார் ரோடு, அதுவும் பொடி ஜல்லி போட்டு வழுவழுன்னு ரோலர் விட்டதுன்னா அதுதான் சொர்க்கம், சக்கரம் சத்தமே வராது. பழைய தார் ரோட்ல மேல இருக்கற தார் தேஞ்சு ஜல்லி தலைய நீட்டிட்டு இருக்கும், அதுல ஓட்டினா உள்ளங்கால்ல இருந்து பல்லு வரைக்கும் அதிரும், பத்து நிமிஷத்துல கால் மரத்துப் போயிடும். சிமெண்ட் ரோடு பரவால்ல, ஆனா சில மீட்டருக்கு ஒரு தடவ ஜாயிண்ட் வரும், அந்த எடவெளி அகலமா இருந்துச்சுன்னா சக்கரம் மாட்டும்னு நெனச்சுக்கோங்க, அங்க காலத் தூக்கி வைக்கணும். பேவர் பிளாக் பாக்க அழகா இருக்கும், ஓட்டினா டிராலி பேக்க இழுத்துட்டு போற மாதிரி கடகடன்னு இருக்கும். டிராலி பேக்னு சொன்னது சும்மா இல்ல, நெஜமாவே வீட்ல இருக்கற சின்ன பேக்க எடுத்துட்டு போய் பத்தடி இழுத்துப் பாருங்க, அது தள்ளாடற எடத்துல நீங்களும் தள்ளாடுவீங்க. ரோட்ல நிக்கறவங்க ஊருக்கு கெளம்பிட்டீங்களான்னு கேப்பாங்க, கேக்கட்டும். கடைசியா பாலிஷ் போட்ட கிரானைட், டைல்ஸ் எல்லாம். காஞ்சு இருந்தா வெண்ணெய், ஒரு சொட்டு தண்ணி பட்டா அவ்ளோதான்.

அப்புறம் சரிவு. கண்ணுக்கு சமமா தெரியற ரோடு சமமாவே இருக்காது. பாதி தண்ணி இருக்கற பாட்டில படுக்க வெச்சு பாருங்க, தானா உருண்டா அந்த பக்கம் எறக்கம். ரோட்டுக்கு நடு உசந்து ரெண்டு பக்கமும் தண்ணி வடியற மாதிரிதான் போட்டிருப்பாங்க, அதனால ஓரமா ஓட்டும்போது ஒரு கால் எப்பவும் கீழ எறங்கி இருக்கும், கத்துக்கறவங்களுக்கு அது ரொம்ப கஷ்டம். எறக்கத்தோட முடிவுல என்ன இருக்குன்னும் பாருங்க. மெயின் ரோடோ கேட்டோ இருந்தா அந்த எடம் வேண்டாம், மண்ணோ புல்லோ இருந்தா ஓகே, நிக்க தெரியலன்னா அதுல போய் எறங்கிக்கலாம்.

இப்ப எங்க தேடறதுன்னு வருவோம். நான் மொதல்ல பாக்கறது போன்ல மேப்ப சாட்டிலைட் வியூல போட்டு. ஊருக்கு வெளிய பிளாட் போட்டு விக்கறதுக்காக லேஅவுட் பிரிச்சிருப்பாங்கல்ல, கட்டம் கட்டமா கோடு மட்டும் தெரியும் வீடு இருக்காது, அதத் தேடுங்க. ரோடு போட்டாதான் பிளாட் விக்கும்னு மொத வேலையா தார் ரோட்ட போட்டுருவாங்க, வீடு கட்ட சில பேருக்கு பத்து வருஷம் கூட ஆகும். அந்த எடவெளிதான் நமக்கு. வண்டி வராது, ஸ்பீடு பிரேக்கர் இருக்காது. ஆனா மேப்ல இருக்கற படம் பழசா இருக்கலாம், நேர்ல போனா வீடு கட்றதுக்கு மணலும் ஜல்லியும் ரோட்லயே கொட்டி வெச்சிருப்பாங்க, அப்படி ரெண்டு தடவ பெட்ரோல் தண்டமாகி இருக்கு. கேட்ல வாட்ச்மேன் இருந்தா ஷூ மாட்றதுக்கு முன்னாடியே போய் பேசிடுங்க. "அண்ணே, பசங்க ஒரு மணி நேரம் ஓட்டிக்கறோம், யாருக்கும் தொந்தரவு இருக்காது"ன்னு சொல்லி, திரும்பும்போது ஒரு டீ வாங்கிக் குடுத்தா அடுத்த வாரம் அவரே கேட்ட தொறந்து விடுவாரு. கேக்காம உள்ள போய் நான் ஒரு எடத்துல வாங்கிக் கட்டிக்கிட்டேன், ஷூவோட வெளிய வர வெச்சாங்க, கேட்டுக்கு வெளிய மண் ரோடு வேற.

ரெண்டாவது, ஞாயித்துக்கிழம காலைல ஐடி கம்பெனிங்க இருக்கற ஏரியா. சிறுசேரி சிப்காட் உள்ள ரோடெல்லாம் அகலமா இருக்கும், வார நாள்ல அங்க நடக்கவே பயமா இருக்கும், ஞாயித்துக்கிழம விடியக்காலைல சைக்கிள் ஓட்றவங்கதான் அதிகம். ஆனா பஸ், ஷிஃப்ட் வண்டி ஒண்ணு ரெண்டு வரும், அதனால சின்னப் பசங்கள தனியா விடாதீங்க. ஓஎம்ஆர், ஈசிஆர் மெயின் ரோட்ல ஸ்பீட் ஸ்கேட்டிங் பசங்க பின்னாடி பைக் வெச்சுட்டு பிராக்டிஸ் பண்றத பாத்துட்டு நாமளும் போலாம்னு நெனைக்காதீங்க, அது வேற லெவல். நம்ம பிரேக் பிடிக்கற தூரத்துக்குள்ள ஒரு பஸ்ஸே வந்து நிக்கும்.

மெரினாவ பத்தி எல்லாரும் கேப்பாங்க. காமராஜர் சாலைய ஒட்டி மணல் பக்கம் போற சர்வீஸ் ரோடு, காலைல ஆறு மணிக்கு முன்னாடின்னா நல்லாதான் இருக்கும், ஆறரைக்கு மேல வாக்கிங் கூட்டம். ஆனா காத்து அடிச்ச மறுநாள் ரோட்டு மேல மெல்லிசா மணல் படிஞ்சிருக்கும், டார்ச் அடிச்சு பாத்தாதான் தெரியும், நேரா போறதுக்கு ஒண்ணும் ஆகாது, திரும்பும்போது கால் வாரிடும். சக்கரம் சுத்தறதுக்காக உள்ள இருக்கற பேரிங்குக்கும் உப்புக் காத்து எமன். சக்கரத்துக்கு ரெண்டுன்னு ரெண்டு ஷூவுக்கும் சேத்து 16 பேரிங், கடற்கரைக்கு போயிட்டு வந்த அன்னிக்கே காஞ்ச துணில தொடச்சு வெக்கலன்னா அடுத்த வாரம் கரகரன்னு சத்தம் வரும். பெசன்ட் நகர் பீச் பக்கமும் இதே கததான், விடியக்காலைல ஓட்டலாம், சாயங்காலம் பஜ்ஜிக் கடைக்கு மட்டும் போங்க.

பாண்டி பஜார் நடைபாதைய 2019ல அகலமா போட்டாங்கல்ல, அத பாத்த உடனே எனக்கு கை பரபரத்துச்சு. போய் பாத்தா கூட்டம், கூட்டம் இல்லாத நேரத்துல கழுவி விட்டு ஈரம். அத விட்டுட்டேன்.

கார்ப்பரேஷன் பார்க்? உண்மைய சொல்லணும்னா பெருசா எதிர்பாக்காதீங்க. நடக்கறதுக்குன்னு போட்ட பாதை, நாலடி அகலம், எதிர்ல வயசானவங்க. நாம விழுந்தா எழுந்துக்கலாம், அவங்க மேல போய் மோதினா இடுப்பு போயிடும். செக்யூரிட்டி கத்துறதுல தப்பே இல்ல. ஆனா சில பார்க்ல நடுவுல மேடை மாதிரியோ பேஸ்கெட் பால் கோர்ட்டோ இருக்கும், அதுதான் நமக்கு வேணும். பேஸ்கெட் பால் கோர்ட் 28க்கு 15 மீட்டர், கத்துக்க ஆரம்பிக்கறவங்களுக்கு அது தாராளம், மொத ரெண்டு மாசம் அத தாண்டி எங்கயும் போக வேண்டாம். பக்கத்துல ஸ்கூல் இருந்தா லீவு நாள்ல கேட்டுப் பாருங்க, நாலு பேரண்ட்ஸ் சேந்து லெட்டர் குடுத்தா விடற ஸ்கூலும் இருக்கு.

வெளியூர்ல சொல்லணும்னா பாண்டிச்சேரி பீச் ரோடு. சாயங்காலம் ஆறு மணில இருந்து காலைல ஏழரை வரைக்கும் வண்டிய உள்ள விட மாட்டாங்க, ஒன்றரை கிலோமீட்டர் கிட்ட கடல பாத்துகிட்டே போலாம். ராத்திரி எட்டு மணிக்கு போனா ஐஸ்க்ரீம் கூட்டம், அதனால ஒரு நாள் தங்கி காலைல அஞ்சரைக்கு எறங்குங்க. கோயம்புத்தூர்காரங்களுக்கு ரேஸ் கோர்ஸ் இருக்கேன்னு தோணும், ரெண்டரை கிலோமீட்டர் ரவுண்டு, ஆனா அங்க காலைல நடக்கற கூட்டத்துக்கு நடுவுல ஸ்கேட் போட்டா ஸாரி சொல்லிட்டே போகணும். உக்கடம் பெரியகுளம் பக்கம் ஒரு நாள் நடந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

காலைல தெரு ரோட்ல ஓட்றவங்களுக்கு ஒண்ணு. நம்ம ஊர்ல விடிஞ்சா வாசல் தெளிப்பாங்க. ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் ரெண்டு மீட்டருக்கு ரோடு ஈரமா இருக்கும், ஸ்கேட் சக்கரம் யூரித்தேன்னு ரப்பர் மாதிரி ஒரு பிளாஸ்டிக், அதுக்கு ஈரத்தார்ல பிடிப்பே இருக்காது. கோலத்து மேல வேற ஏத்தினீங்கன்னா அந்த தெருவுல அப்புறம் ஓட்டவே முடியாது, பாத்துக்கோங்க. அஞ்சரைக்குள்ள முடிக்கணும், இல்ல வெயில் வந்து காயற வரைக்கும் வெயிட் பண்ணணும். அதே மாதிரி தண்ணி லாரி போற ரூட்டு, வழி ஃபுல்லா சொட்டிட்டே போகும்.

மரம் இருந்தா நெழலுன்னு சந்தோஷப்படாதீங்க, என்ன மரம்னு பாருங்க. எனக்கு முழங்கைல இருக்கற தழும்பு தூங்குமூஞ்சி மரத்தோட உபயம். அதோட காய் கருப்பா தட்டையா விழுந்து கெடக்கும், வண்டி ஏறி நசுங்கினா உள்ள இருக்கற சதை வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுன்னு ரோட்ல ஒட்டிக்கும். நல்லா வேகமா வந்துட்டு இருந்தேன், எடது கால் அதுல பட்டு நின்னுடுச்சு, ஒடம்பு நிக்கல. அவ்ளோதான். வீட்டுக்கு வந்து சக்கரத்த சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு. புங்க மரத்துப் பூ பாக்க பஞ்சு மெத்த மாதிரி இருக்கும், அதுவும் உருண்டு உருண்டு வழுக்கும்.

நாய். இத யாரும் சொல்ல மாட்டாங்க. சக்கரச் சத்தம் கேட்டா சில நாய்ங்களுக்கு வெறி வந்துடும், வேகமா போனா இன்னும் தொரத்தும். அதனால புது எடத்துக்கு போனா மொத நாள் நடந்து போகும்போதே எத்தன நாய், எந்த மூலைன்னு பாத்து வெச்சுக்கோங்க. தொரத்தினா வேகத்த கொறச்சு நின்னுடுங்க, பெரும்பாலும் அதுவும் கொழம்பிப் போய் நின்னுடும். நான் ரெண்டு பாக்கெட் பிஸ்கட் வெச்சுக்கறேன், இப்ப அந்த லேஅவுட் நாய்ங்க என் வண்டி சத்தம் கேட்டாலே வாலாட்டிகிட்டு வரும், அதுவும் ஒரு தொல்லதான், நடுவுல வந்து நிக்கும்.

சக்கரமும் எடத்துக்கு தகுந்த மாதிரி வேணும். ரிங்குக்கு வாங்கின கெட்டி சக்கரம் நம்ம ரோட்டுக்கு செட் ஆகாது. சக்கரத்து மேலயே 78ஏ, 85ஏன்னு போட்டிருக்கும், நம்பர் கொறஞ்சா மெத்து, ரோட்டு அதிர்வ வாங்கிக்கும், ஆனா சீக்கிரம் தேயும். பெரியவங்களுக்கு 80 மில்லிமீட்டர் போதும், ரோடு ரொம்ப மோசம்னா 90, 100ன்னு பெருசா போனா சின்ன கல்லு, வெடிப்பெல்லாம் தாண்டிடும், ஆனா ஷூல அந்த சைஸ் எறங்குமான்னு பாத்துட்டு வாங்குங்க. கிளாஸ்ல ஹீல் பிரேக்க கழட்டச் சொல்லியிருந்தாலும் ரோட்டுக்கு வரும்போது மாட்டிக்கோங்க. ஹெல்மெட், முட்டி, முழங்கை, அப்புறம் மணிக்கட்டு கார்ட். விழும்போது மொதல்ல கையதான் ஊனுவோம், அதனால மணிக்கட்டு கார்ட மட்டும் விடவே விடாதீங்க.

சீசன் பத்தி சொல்லவே வேண்டாம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, அந்த டைம்ல அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்தான் கதி, அசோசியேஷன்ல பேசி மத்தியானம் கார் எல்லாம் ஆபீஸ் போன நேரத்த கேட்டு வாங்குங்க. ஆயில் சொட்டின எடத்த சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சுடுங்க. கத்திரி வெயில்ல சாயங்காலம் ஆறு மணிக்கு கூட தார் ரோடு அடுப்பு மாதிரி இருக்கும், விழுந்தா சிராய்ப்போட சூடும் சேந்துக்கும், அந்த மாசம் காலைல மட்டும். மழைக்காலம் முடிஞ்சு ஜனவரி, பிப்ரவரிதான் நமக்கு பொங்கல், குளுகுளுன்னு இருக்கும், மழைல பேந்த ரோட்ட எல்லாம் புதுசா போடுவாங்க.

புது ரோடு போடறாங்கன்னு கேள்விப்பட்டா மட்டும் லேட் பண்ணாதீங்க. போன வாரம் எங்க வீட்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு நீள ரோடு போட்டிருக்காங்கன்னு பால்காரர் சொன்னாரு, போய் பாத்தேன், கண்ணாடி மாதிரி இருக்கு, கைல ஷூவ வெச்சு தள்ளி விட்டேன், அது பாட்டுக்கு போய்கிட்டே இருக்கு. ஓரத்துல பெரிய பெரிய குழாய் எறக்கி வெச்சிருக்காங்க. நாளைக்கு காலைலயே போறேன், தோண்டறதுக்குள்ள நாலு ரவுண்டாவது போயிடணும்.