டியூஷன் செலவை நாமே கணக்கெடுப்போம்: சர்வேக்குப் புதியவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பெற்றோர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: பிள்ளைகளின் டியூஷனுக்கு மாதம் எவ்வளவு போகிறது? ஒரு நோட்டும் எக்செல்லும் இருந்தால் நாமே கண்டுபிடிக்கலாம்.

படி 1: கேள்வி
"செலவு ரொம்ப அதிகமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "போன மாதம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கட்டினீர்கள்?" என்று கேளுங்கள். டியூஷனுக்கே அனுப்பாத வீட்டுக்கு 0 என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் எக்செல் அதைச் சராசரியில் சேர்க்காது. காசில்லாமல் அனுப்பாத வீடுகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். என் மனதை மிகவும் உறுத்தும் தப்பு இதுதான்.

படி 2: யாரைக் கேட்பது?
வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்று கேட்பது சுலபம். ஆனால் ஷிப்ட் வேலைக்குப் போனவரும் உள்தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவரும் விட்டுப்போவார்கள். ஊர்க் குடும்பப் பட்டியலில் 180 குடும்பம் என்றால், 1 முதல் 6 வரை சீட்டுக் குலுக்குங்கள். 4 வந்தால் 4, 10, 16 என்று ஆறாறாகத் தாண்டுங்கள். 30 வீடு கிடைக்கும். ஆள் இல்லையா? பக்கத்து வீட்டைக் கேட்காமல், இன்னொரு நாள் போங்கள்.

நிறையப் பேரைக் கேட்டாலே போதும் என்றில்லை. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கு மேற்பட்ட பதில்களை வைத்து அதிபர் தேர்தலில் லேண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட்.

படி 3: வரிசைப்படுத்துங்கள்
உதாரணத்துக்கு 9 வீடு, வெள்ளியில்:
60, 80, 80, 100, 100, 120, 120, 150, 540

கூட்டினால் 1,350, ஒன்பதால் வகுத்தால் சராசரி 150. ஆனால் 150-ஐத் தாண்டியது ஒரே ஒரு வீடு! அந்த 540 தான் சராசரியை இழுத்துவிட்டது. இப்போது நடுவில் இருக்கும் ஐந்தாவது எண்ணைப் பாருங்கள்: 100. இதுதான் இடைநிலை. எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடு இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்.

நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்கில் குடும்ப மாத வருமானத்தின் சராசரி 8,479 ரிங்கிட், இடைநிலை 6,338 ரிங்கிட்.

படி 4: பிரித்துப் பாருங்கள்
தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் தனியாக, தோட்டத்து வீடுகள் தனியாக இடைநிலை எடுங்கள். அப்புறம், தோட்டத்தில் 4 வீடுதான் கேட்டீர்கள் என்றால் "75 சதவீதம்" என்று எழுதாதீர்கள். "4 வீட்டில் 3" என்றே எழுதுங்கள்.