பி.எஸ்சி. கணிதத்துக்குப் பிறகு என்ன செய்வது: இரண்டாம் ஆண்டிலேயே முடிவெடுப்பதற்கான வழிகாட்டி

பி.எஸ்சி. கணிதம் படிக்கும் மாணவர்களில் பலர் அடுத்தது என்ன என்று யோசிக்கத் தொடங்குவது ஆறாவது செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகுதான். அதற்குள் முழுதாக ஓர் ஆண்டு கைநழுவிப் போய்விடுகிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு மூன்றாம் ஆண்டின் பிப்ரவரி மாதத்தில் நடக்கிறது. அதற்கான விண்ணப்பமோ அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே முடிந்துவிடுகிறது. இந்த நாட்கள் தெரியாமல் போவதால்தான், கணக்குப் படித்தால் வாத்தியார் வேலை, அது கிடைக்காவிட்டால் வங்கித் தேர்வு என்ற பேச்சு இன்னும் நம் ஊர்களில் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் இருப்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்குச் சொல்ல வேண்டியது கடைசியில் வருகிறது.

முதல் வேலை, கணிதத்தில் எந்தப் பகுதி உங்களை இழுக்கிறது என்று கண்டுகொள்வது. இதற்கு மதிப்பெண் பட்டியலை நம்ப வேண்டாம். தேற்றங்களையும் அவற்றின் நிரூபணங்களையும் மனப்பாடம் செய்து தொண்ணூறு வாங்க முடிகிற தேர்வுமுறை அதைச் சரியாகக் காட்டாது. மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) புத்தகத்தில் விடை கொடுக்கப்படாத ஒரு பயிற்சிக் கணக்கை எடுத்து இரண்டு மாலைப்பொழுது அதனோடு உட்காருங்கள். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே அதற்குத் திரும்பினீர்கள் என்றால், தூய கணிதத்தில் மேற்படிப்பைத் தயங்காமல் யோசிக்கலாம். நிரூபணங்களைக் காட்டிலும் நிகழ்தகவும் எண் தரவும் பிடித்திருந்தால் புள்ளியியலும் தரவு அறிவியலும் உங்கள் பக்கம். தேர்வுக்கு முந்தைய நாள் வகுப்புத் தோழர்கள் உங்களைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள் என்றால், அதையும் ஒரு திறமையாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மேற்படிப்புப் பக்கம் செல்பவர்கள்

ஜாமில் கணிதம், கணிதப் புள்ளியியல் என இரண்டு தனித்தாள்கள் உள்ளன. ஒருவரே இரண்டையும் எழுதலாம். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். ஒரே விடை கொண்ட கேள்விகள் 30, ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடியவை 10, எண்ணை நேரடியாக விடையாகத் தர வேண்டியவை 20 என்று அவை பிரிகின்றன. முதல் வகைக்கு மட்டுமே தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும். கணிதத் தாளில் வருவது மெய்ப்பகுப்பாய்வு, பல மாறிகளின் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், குலங்கள் (குரூப்ஸ்) ஆகியவைதான். இவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் நம் பாடத்திட்டத்தில் இருப்பவையே. ஆனால் கேட்கும் விதம் முற்றிலும் வேறு. ஒரு தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கினால் முடிவு நிலைக்குமா, நிலைக்காது என்றால் அதற்கு ஓர் எதிர்எடுத்துக்காட்டு என்ன என்பதே பெரும்பாலான கேள்விகளின் உள்ளே இருக்கிறது. எனவே ஒவ்வொரு தேற்றத்துக்கும் எதிர்எடுத்துக்காட்டுகளைத் தனி நோட்டில் எழுதிச் சேர்ப்பதுதான் நான் எந்த மாணவருக்கும் முதலில் சொல்லும் பயிற்சி. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை எண்ணி இத்தேர்விலிருந்து ஒதுங்குவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கேள்விகளில் வரும் சொற்களின் எண்ணிக்கை சிறிது. மூன்று மாதம் பழைய வினாத்தாள்களோடு பழகினால் அவை வசப்பட்டுவிடும்.

ஜாமுக்கு வெளியேயும் நல்ல இடங்கள் இருக்கின்றன. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், அதாவது சி.எம்.ஐ., கணிதம், கணினி அறிவியல், தரவு அறிவியல் ஆகிய மூன்றிலும் எம்.எஸ்சி. நடத்துகிறது, சேர்க்கைக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. 1931இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட்., எம்.மேத். என்ற புள்ளியியல், கணித முதுநிலைப் படிப்புகளுக்கும் தனித்தேர்வுதான். இவ்விரண்டு நிறுவனங்களின் தேர்வுகளிலும் விடையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. நிரூபணத்தை ஒழுங்காக எழுதிக் காட்டவும் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி பெரும் உதவி. விரிவுரையைக் குறிப்பெடுக்க வைக்காமல், கேள்வி மேல் கேள்வி கேட்டு மாணவரையே சிந்திக்க வைக்கும் பயிற்சி அது. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் அதற்குச் செல்வது மிகப் பொருத்தமானது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத்தேர்வான கியூட் முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும்.

துணைப்பாடத்தைக் கவனியுங்கள்

பலர் கவனிக்காமல் விடுவதும், ஆனால் பல வாசல்களைத் திறப்பதும் புள்ளியியல் என்ற துணைப்பாடம்தான். மத்தியத் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு வெறும் கணிதப் பட்டம் போதாது. பட்டப்படிப்பில் புள்ளியியல், கணிதப் புள்ளியியல், பயன்பாட்டுப் புள்ளியியல் ஆகியவற்றுள் ஒன்று ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். வயது 21 முதல் 30 வரை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நம் கல்லூரிகள் பலவற்றில் கணித மாணவர்கள் துணைப்பாடமாக இயற்பியலையோ கணிதப் புள்ளியியலையோ படிக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்து, அரசுப் பணியில் ஆர்வமும் இருந்தால், புள்ளியியலை எடுங்கள். அதன் பெயர் மதிப்பெண் சான்றிதழில் எப்படி அச்சாகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பின்போது பார்க்கப்படுவது அந்தப் பெயரைத்தான்.

மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு நிபந்தனை சற்று எளிது. பிளஸ் டூ கணிதத்தில் 60 விழுக்காடு எடுத்த எந்தப் பட்டதாரியும், அல்லது பட்டத்தில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். இதற்கென்று இரண்டாம் கட்டத் தேர்வில் புள்ளியியல் தாள் ஒன்று தனியாக வரும். பொதுக் கணிதத்துக்கு மட்டும் தயாராகிவிட்டு அங்கே தடுமாறுகிறவர்கள் பலர். டி.என்.பி.எஸ்.சி.யும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. அந்த அறிவிக்கை வரும்போது கல்வித்தகுதிப் பத்தியை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

வங்கித் தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடியவை அவை. கணிதப் பட்டதாரிக்கு வேகக் கணக்கில் கொஞ்சம் சாதகம் உண்டு, அவ்வளவே.

ஆக்சுவரியும் தரவுத் துறையும்

காப்பீட்டு நிறுவனங்களில் பிரீமியத்தையும் எதிர்காலப் பொறுப்புகளையும் நிகழ்தகவைக் கொண்டு கணிப்பவர் ஆக்சுவரி. எத்தனை பேர் எந்த வயதில் இறக்கக்கூடும், இன்று வாங்கும் பணம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தர வேண்டிய தொகைக்குப் போதுமா என்பவை அவர் முன் உள்ள கேள்விகள். இதற்குக் கல்லூரிப் பட்டத்தை விட, இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் நடத்தும் தேர்வுகளே முக்கியம். ஏசெட் என்ற நுழைவுத்தேர்வைப் பிளஸ் டூ முடித்தவரே எழுதலாம் என்பதால், கல்லூரியில் இருக்கும்போதே தொடங்கிவிடலாம். அதன் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தாள்களைக் கடக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்து முடிக்கப் பலருக்கு ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. தேர்வுக் கட்டணமும் கணிசமானது. ஆகவே, முதல் இரண்டு மூன்று தாள்களில் தேறி ஒரு பயிற்சி வேலையில் சேர்ந்துவிட்டு, மீதியை அங்கிருந்து எழுதுவதுதான் நடுத்தரக் குடும்பத்து மாணவருக்கு ஏற்ற வழி. பொறுமை உள்ளவருக்கு மிக நல்ல தொழில் இது. விரைவில் சம்பாதிக்க வேண்டிய நெருக்கடியில் இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தரவுத் துறைக்குச் செல்ல விரும்புபவர் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் உறுதியாகக் கற்று, அவற்றோடு பைத்தான் என்ற நிரல்மொழியும், தரவுத்தளங்களிலிருந்து தகவலை எடுக்கும் எஸ்.கியூ.எல். மொழியும் கற்க வேண்டும். சான்றிதழ்களைக் குவிப்பதைவிட, ஒரு சொந்த வேலையைச் செய்து காட்டுவது மேல். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கும் மழையளவுப் பதிவுகளை எடுத்து, உங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று ஆராய்ந்து பத்துப் பக்கம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றி அரை மணி நேரம் உங்களால் பேச முடியும். முறையான பட்டமும் வேண்டும் என்றால், சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். படிப்பு இணையவழியில் நடக்கிறது, ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. 2022இல் அனுமதித்ததால், கல்லூரிப் படிப்போடு சேர்த்தே இதைத் தொடரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் இன்னோர் இளநிலைப் பட்டத்துக்கு மூன்று ஆண்டு செலவிடுவதைக் காட்டிலும், டான்செட் என்ற தமிழக நுழைவுத்தேர்வை எழுதி இரண்டு ஆண்டு எம்.சி.ஏ. படிப்பது நல்லது என்பது என் கருத்து.

ஆசிரியப் பணி

கணிதத்தை நேசித்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு நம் பள்ளிகளில் எப்போதும் தேவை இருக்கிறது. இரண்டு ஆண்டு பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறுவது பட்டதாரி ஆசிரியராகும் வழி. மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து தேவை. அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் உண்டு. அரசு நியமனம் எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எனவே பி.எட். முடித்த கையோடு ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து கற்பித்துக்கொண்டே தேர்வுக்குத் தயாராவதுதான் நடைமுறைக்கு ஒத்தது. கல்லூரியில் கற்பிக்க நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியைப் பெற்றால், 2023இல் உயர்த்தப்பட்டபடி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். வீட்டுக்குச் சுமையாக இருக்காமல் ஆராய்ச்சி செய்ய அது போதுமானது.

பட்டம் பெற்று ஓராண்டோ இரண்டாண்டோ வீட்டில் இருப்பவர்கள் வாய்ப்பு போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஜாமுக்கு வயது வரம்பு இல்லை. ஏசெட் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் நடக்கிறது. அரியர் ஏதேனும் நிலுவையில் இருந்தால் முதலில் அதை முடித்துப் பட்டச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். பிறகு மேலே சொன்னவற்றில் ஒரு தேர்வை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் கடந்த ஐந்து ஆண்டு வினாத்தாள்களைப் பதிவிறக்கி, முதல் தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். எந்தப் பாடத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பதை அந்த மூன்று மணி நேரமே சொல்லிவிடும்.