சித்லல்லி: ஓர் அஸ்டெக் பெயரின் பொருளும் இயைபும் அறியும் முறை

மெக்சிகோவில் இன்றும் பெண்குழந்தைகளுக்குச் சூட்டப்படும் சித்லல்லி என்ற பெயர், அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் விண்மீனைக் குறிக்கும். இத்தகைய பெயரின் பொருளை அறிய, முதலில் அதன் இறுதியில் ஒட்டியுள்ள விகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும். நாவாட்டிலில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ட்ல், ட்லி, லி, இன் ஆகியவற்றுள் ஒன்றை ஏற்று முடிகின்றன. இவற்றுக்கெனத் தனிப்பொருள் இல்லை. லி என்பதை நீக்கினால் 'சித்லல்' என்ற வேர் எஞ்சும். அவ்வேரே மலை என்று பொருள்படும் தெபெட்ல் என்ற சொல்லுடன் சேர்ந்து, 5,636 மீட்டர் உயரமுள்ள மெக்சிகோவின் மிக உயர்ந்த சிகரத்துக்குச் சித்லால்தெபெட்ல், அதாவது விண்மீன் மலை, என்ற அழகிய பெயரைத் தந்திருக்கிறது.

இயைபு தேடுமுன் உச்சரிப்பைச் சரிசெய்துகொள்வது மிகவும் முக்கியம். ஸ்பானிய வழக்கப்படி இரட்டை லகரத்தை யகரமாக ஒலித்தால் பெயரே சிதைந்துவிடும். நம்முடைய 'பல்லி', 'வல்லி' போல லகரம் அழுந்த ஒலிக்க வேண்டும். நாவாட்டிலில் அழுத்தம் ஈற்றயல் அசையில் விழுவதால், அந்த அசையின் உயிரொலியிலிருந்து இறுதிவரை ஒத்திருக்கும் சொற்களையே தேர்ந்தெடுங்கள். வீடு எனப் பொருள்படும் கல்லி, பகலையும் வெயிலின் வெம்மையையும் உயிராற்றலையும் ஒருசேரக் குறிக்கும் தொனல்லி ஆகியவை இயல்பாகப் பொருந்துகின்றன. தாலாட்டு எழுதுவோருக்கு நான் தொனல்லியையே பரிந்துரைப்பேன், ஏனெனில் பகலின் வெம்மையும் இரவின் விண்மீனும் ஒரே ஓசையில் முடிவது கேட்கக் கேட்க இனிமையானது.